கீழ்வீட்டு மீனும் எங்கள் வீட்டுக் காபியும்

1. மே மாதக் கடைசியில் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் வந்தன.

2. யாரிடமும் சொல்வதற்கு முன்பே வாந்தி ஆரம்பித்துவிட்டது.

3. கல்கத்தாவில், பாலிகஞ்சில் இருக்கும் அம்மா, எனக்குச் சமைத்துப் போட, காலைதோறும் டாக்குரியாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

4. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், இரண்டு முறை மருத்துவமனையில் படுத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன்.

5. கீழ்வீட்டில் மீன் பொரிக்கிற வாசனைதான் காரணம் என்று அம்மா முடிவு செய்து, கீழே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

6. கீழ்வீட்டில் மீன் பொரிப்பது நின்றது.

7. வாந்தி நிற்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்வது என் தொழில் கொடுத்த பழக்கம். தொழிற்சாலைகளில் வாயு கசிந்தால் அலறுகிற கருவிகள் உண்டு. அவை சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துத் திருத்துவது என் வேலை. ஒரு கருவி தவறாக அலறினால், அதைத் திட்டிப் பயனில்லை. என்ன மாறியது, எப்போது மாறியது, எதை நீக்கினால் அடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அந்த மழைக்காலத்தில் அலறிக்கொண்டிருந்த கருவி நானே. அதனால் சோதிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மசக்கை என்ற சொல்லைத் தமிழில் எவ்வளவு செல்லமாகச் சொல்கிறோம். மாங்காய், சாம்பல், புளி என்று ஏதோ விளையாட்டுப்போல. எனக்கு வந்தது அது அல்ல. காலையில் கண் திறக்கும்போதே தொடங்கும். படுத்தால் கொஞ்சம் அடங்கும், தலையைத் திருப்பினால் மறுபடி வரும். குளிர்ந்த குளியலறைத் தரைதான் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடமாக இருந்தது. அலுவலக வேலையைக் கட்டிலில் இருந்தே செய்தேன். கூட்டங்களில் கேமராவை அணைத்துவைத்தேன். என் கணவன் வங்கியில் வேலை செய்கிறான். அவன் சோப்பை மாற்றினான், சென்ட்டை விட்டான், சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டான்.

"நான் மணக்கவும் கூடாது, நாறவும் கூடாது. இனிமே காத்தோட காத்தாத்தான் வரணும்" என்றான், கதவோரம் நின்றுகொண்டு.

சிரித்தேன். அதுவும் வாந்தியில் முடிந்தது.

மருத்துவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சுற்றிவளைக்காமல் பேசினார். இது ஒரு வியாதி, மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரைகளை விடாமல் சாப்பிடவேண்டும். எது தங்குகிறதோ அதைச் சாப்பிட்டால் போதும், சத்தா இல்லையா என்று இப்போதைக்குப் பார்க்கவேண்டாம். ஆனால் அடுத்த முறை வரும்போதும் எடை இறங்கியிருந்தால், மருத்துவமனையில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்கவேண்டியிருக்கும். குழந்தை இதுவரை சரியாகத்தான் வளர்கிறது, ஆனால் என் உடம்பில் எடுத்துக்கொடுக்க இனி அதிகம் மிச்சமில்லை.

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்:

"டாக்டர் சொல்றது சரி. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. குழந்தை வேணும்னு மனசார நெனச்சுண்டா எல்லாம் தானா தங்கும். நாங்கள்ளாம் பெத்துக்கலையா?"

எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். அதை நிரூபிக்க ஒரு வாய்ச் சோறு தங்கவேண்டியிருந்தது. அது தங்கவில்லை. ஆட்டோ ரயில் கேட்டில் நின்றபோது, வெளியே தலையை நீட்டிக்கொண்டேன்.

கீழ்வீட்டுப் பெண்ணை நான் பௌதி என்று கூப்பிடுவேன். அண்ணி என்று பொருள். சொந்தம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் கொஞ்சம் மூத்த அடுத்தவீட்டுப் பெண்ணை அப்படித்தான் அழைப்போம். அலிப்பூர் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை. காலையில் ஏழு மணிக்கே அவர் சமையலறையில் கடுகெண்ணெய் காயும். மழை பிடித்துவிட்டால் இலிஷ் மீன் வரும். வந்தால் முழுக் கட்டிடத்துக்கே தெரியும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிறோம். அம்மா பேசும் வங்காளத்தைக் கேட்டு, மீன்காரர்களே வங்காளி என்று ஏமாந்துபோய் விலை சொல்ல வருவார்கள். இருந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு விதி மாறவில்லை: கெட்ட வாசனை என்று ஒன்று இருந்தால் அது வெளியிலிருந்துதான் வரும். நம் அடுப்பில் இருந்து வருவதற்குப் பெயர் மணம். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூக்கு அப்படியே வளர்ந்துவிடுகிறது. அதனால் அம்மா கீழே போனபோது எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. நானும் அதே மூக்குதான்.

"பக்குவமாத்தான் சொன்னேன்" என்று திரும்பி வந்து சொன்னாள் அம்மா. "பாவம், நல்ல பொண்ணு. கொழந்தைக்காகன்னதும் மறுபேச்சுப் பேசலை."

அந்த நாட்களில்தான் படிக்க ஆரம்பித்தேன். பக்கவாட்டில் படுத்தபடி, போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு பத்தி. முதலில் புலம்பல் பதிவுகள் வந்தன. பிறகு மருத்துவக் கட்டுரைகள். அதில் ஒன்று என்னை எழுப்பி உட்காரவைத்தது.

அண்மை ஆண்டுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜிடிஎஃப்-15 என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். கர்ப்பத்தில் சிசுவும் நஞ்சுக்கொடியும் அதை நிறையச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடுகின்றன. அது மூளையின் அடிப்பகுதியில், வாந்தியைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது. இதில் முக்கியமானது எவ்வளவு சுரக்கிறது என்பது மட்டும் அல்ல. கர்ப்பத்துக்கு முன்பு அந்தப் பெண்ணின் உடம்பில் அது எவ்வளவு இருந்தது என்பதும்தான். முன்பே அதிகம் இருந்து பழகியவர்களுக்கு, ஏற்றம் பெரிதாகத் தெரிவதில்லை. மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு அதே ஏற்றம் அடியாக விழுகிறது. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு.

இது எனக்குப் புரியாமல் போக வழியே இல்லை. சுத்தமான அறையில் வைத்திருந்த கருவியைத் திடீரென்று புகைக்குள் கொண்டுபோனால் அது அலறும். அதே புகையில் பழகிய கருவி சும்மா இருக்கும். இரண்டிலும் பழுது இல்லை. தொடங்கிய இடம் வேறு, அவ்வளவுதான்.

போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். துக்கத்தில் அல்ல. இத்தனை நாள் யாரோ எனக்கு எதிராக எழுதிவைத்திருந்த குற்றச்சாட்டை, முகம் தெரியாத சிலர் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அடித்துத் திருத்தியதுபோல் இருந்தது.

ஆனால் காரணம் தெரிந்ததால் சோறு இறங்கிவிடாது. மருத்துவரிடம் போகவேண்டிய நாள் நெருங்கியது. எடை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது ஒரு ராத்திரி முழுவதும் மழை பெய்தது. விடிந்தபோது பாலிகஞ்சுத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா போன் செய்தாள்.

"ஆட்டோ கெடையாது, ரயிலும் நின்னுடுத்து. நீந்தித்தான் வரணும். நீ பட்டினியாக் கெடக்காதேடி. அவனை ஒரு ரசமாவது வைக்கச் சொல்லு."

அவனுக்கு ரசம் வைக்கத் தெரியாது. அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமான வாந்திக்காகக் காத்திருந்தேன். குமட்டல் இருந்தது. ஆனால் அது எழும்பி மேலே வரவில்லை. அலை கரைக்கு வராமல் நடுவிலேயே கிடப்பதுபோலக் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பௌதி மேலே வந்தார். நீதிமன்றமும் தண்ணீரில் நின்றதால் அன்று அவருக்கு விடுமுறை. கையில் ஒரு கிண்ணம். பொரியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, கந்தராஜ் எலுமிச்சையைப் பிழிந்து, உப்புப் போட்டிருந்தார். இந்த ஊரில் வயிறு சரியில்லாதவர்களுக்குக் கொடுக்கிற ஒன்று.

"சூடா எதுவும் கொண்டுவரலை. சூடுன்னா வாசனை வரும்" என்றார் வங்காளத்தில். "ஒரு ஸ்பூன் மட்டும் பாரு. வெளியே வந்தா வரட்டும், கிண்ணம் என்னுதுதானே."

ஒரு ஸ்பூன் உள்ளே போனது. இருந்தது. இன்னொன்று. அதுவும் இருந்தது. பௌதி ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தை முடித்தபோது, அடேயப்பா என்பதுபோல் "ஓரே பாபா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அவர் சேலையில் கடுகெண்ணெய் வாசனை இருந்தது. நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"பௌதி, இன்னிக்கு மீன் பண்ணீங்களா?"

"மீனா? உங்க அம்மா சொன்ன நாள்லேர்ந்து என் வீட்டுல மீன் ஏறலை. என் வீட்டுக்காரர், உன் தாதா, கேன்டீன்ல சாப்பிடறார். ஆடி மழையில இலிஷ் இல்லாத வீடுன்னு என் தங்கச்சி கிண்டல் பண்றா. மழைக்குக் கிச்சுடி பண்ணேன், கூட நாலு கத்திரிக்காய் பொரிச்சேன். அதுவும் ஜன்னலைச் சாத்திட்டு."

"அப்போ கடுகெண்ணெய்?"

"அதுவும் இல்லாம எப்படிப் பொரிக்கிறது? தண்ணியிலயா?"

அப்போதுதான் எனக்குள் இருந்த பரிசோதகி விழித்தாள். மீன் நின்று பல நாள் ஆகியும் வாந்தி நிற்கவில்லை. கடுகெண்ணெய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாந்தி வரவில்லை. இன்றைக்கு என்ன இல்லை? அம்மா இல்லை. அம்மா வந்ததும் செய்கிற முதல் காரியம் என்ன?

காபி.

பில்டரில் லேக் மார்க்கெட்டில் அரைத்த பொடியை அழுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாள். டிகாக்‌ஷன் இறங்கும் முன்பே அந்த மணம் மூன்று அறைகளிலும் நிறைந்துவிடும். பிறந்ததிலிருந்து என் விடியல் அதுதான். அதைச் சந்தேகப்படலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பௌதியிடம் அதையும், படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பெண்களுக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே அதிகம் இருப்பதால் கர்ப்பத்தில் குமட்டல் மிகவும் குறைவு என்றும் கண்டிருக்கிறார்கள் என்றேன். இந்த ஊரில் தலசீமியா என்ற சொல்லைத் தெரியாத குடும்பம் குறைவு. பௌதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் கேரியர். நோய் இல்லை, ஆனா ரத்தத்துல அது இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பார்த்தப்போ தெரிஞ்சுது. என் பையன் வயித்துல இருந்தப்போ ஒரு நாள் வாந்தி எடுத்ததில்லை. உள்ளே நிஜமாவே குழந்தை இருக்கான்னு மாமியாருக்குச் சந்தேகம்."

"அது நோய் உள்ளவங்களுக்கு, பௌதி. கேரியருக்கும் அப்படின்னு நான் படிச்சதுல இல்லை."

"இல்லாட்டிப் போகட்டும். இவ்வளவு நாள் அந்த ரத்தத்தைப் பத்திக் கெட்டது மட்டும்தான் கேட்டிருக்கேன். ஒரு நல்லது சொல்ல வந்தா, அதுக்கும் பிரேக் போடறியே."

தண்ணீர் வடிந்ததும் அம்மா வந்தாள். வந்ததும் பில்டரை எடுத்தாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மணம் வந்துவிட்டது. நான் ஓடினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது அம்மா ஹாலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அவா மறுபடி ஆரம்பிச்சுட்டாளா?"

"இல்லேம்மா. மீன் இல்லை. மீனால எப்பவுமே இல்லை." அவள் கையைப் பார்த்தேன். "அதுதான்."

அம்மா டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னை.

"காபியா? காபி என்னடி பண்ணும்?"

"நேத்திக்கு நீ வரலை, காபி இல்லை. ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், தங்கித்து."

"என்ன சாப்பிட்டே?"

"பௌதி குடுத்த ஊறின பொரி."

இது இரண்டாவது அடி. அம்மா சமையலறைக்குப் போனாள். ஜன்னலைத் திறக்கும் சத்தமும், காபியைக் கொட்டும் சத்தமும் கேட்டன. நான் காற்று மாறும்வரை பால்கனியில் நின்றேன். அம்மா அங்கே வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சரியாகச் சொல்லிவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. காபி காரணம் அல்ல, அது வெறும் தூண்டுதல் என்றேன். காரணம் உள்ளே இருந்து வருகிறது, குழந்தையும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஒன்று என்றேன். கருவி, புகை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ குழந்தைதான் இவ்வளவும் பண்றதா?"

"ஒரு விதத்துல."

"பொறக்கறதுக்கு முன்னாடியே படுத்தல். உன் வாரிசேதான்."

"குடும்பத்துல தொடர்ந்து வருமாம், அம்மா" என்றேன். "உனக்கு எப்படி இருந்தது, என்னைச் சுமக்கறச்சே?"

எதிர்க் கட்டிட மாடியில் ஒருவர் நனைந்த மெத்தையை வெயிலுக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எட்டாம் மாசம் வரைக்கும். எனக்குத் தாளிக்கற வாசனை. பெருங்காயம் எண்ணெயில விழுந்தா போதும். கூட்டுக் குடும்பம், மூணு வேளையும் தாளிப்பு. துணி தோய்க்கறேன்னு சொல்லிண்டு மாடிக்கு ஓடிடுவேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா? கொழந்தை வேண்டாம்னு நெனக்கறாள்னு ஆயிடும். அப்படித்தான் பேசிண்டா. உன்னோட நிறுத்திண்டேன். எல்லாரும் ஏன் ஒண்ணோட நிறுத்திட்டேன்னு கேட்டா. இன்னொரு தடவை தாங்காதுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பாக்கூட வேற காரணம்தான் நெனச்சுண்டிருக்கார்."

இத்தனை வாரமாக "நாங்கள்ளாம் பெத்துக்கலையா" என்று என்னிடம் சொன்னவள் இவள்தான். அவளிடம் யாரோ சொன்னதை அப்படியே என்னிடம் கொடுத்திருக்கிறாள். வேறு எதுவும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

"உன் மனசு சரியாத்தான் இருந்திருக்கும்மா" என்றேன்.

"இப்போ சொல்றே" என்றாள். ஆனால் அவள் கை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அம்மா பில்டரையும் காபிப்பொடி டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பாலிகஞ்சுக்குக் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். கீழிருந்து பேச்சுக் குரல் கேட்டது. படியின் பாதியில் நின்று எட்டிப் பார்த்தேன். பௌதியின் சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீ உன் மீனைப் பண்ணு" என்றாள் வங்காளத்தில். "ஆனா எனக்கு ஒரு உதவி. காலையில வந்ததும் காபி இல்லாம எனக்குத் தலை நிக்காது. மேலே போட முடியாது. உன் அடுப்புல ஒரு பக்கம் குடு."

"மாஷிமா, இந்த அடுப்புல மீன் பொரியும்" என்றார் பௌதி, அம்மாவைச் சித்தி முறை வைத்து அழைத்து. "யோசிச்சுக்கோங்க."

"பக்கத்துல தானே பொரியும். பில்டருக்குள்ளயா பொரியப் போறது?"

மறுநாள் முதல் அப்படித்தான் நடந்தது. காலையில் ஜன்னல் சாத்திய கீழ்வீட்டுச் சமையலறையில் ஓர் அடுப்பில் இலிஷ், இன்னொரு அடுப்பில் டிகாக்‌ஷனுக்குத் தண்ணீர். பிறந்ததிலிருந்து மீன் பக்கம் போகாத அம்மா, அங்கேயே நின்று காபியைக் குடித்து, வாயைக் கொப்பளித்து, பௌதி கொடுத்த எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு மேலே வருவாள். பௌதிக்கும் காபி பழகிவிட்டது. "உங்க அம்மா போட்டதைக் குடிச்சப்புறம் கோர்ட் கேன்டீன் காபி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா எனக்கு எல்லாவற்றையும் ஆறவைத்துக் கொடுத்தாள். தாளிப்பே கிடையாது. மோர்சாதம், ஊறின பொரி, வெள்ளரிக்காய், பனிக்கட்டி போட்ட எலுமிச்சைச் சாறு. மாத்திரையும் தங்க ஆரம்பித்ததால் அது வேலை செய்தது. அடுத்த முறை எடைக்கருவியில் ஏறியபோது, மருத்துவர் எண்ணைப் பார்த்து, பழைய எண்ணைப் பார்த்து, மறுபடி ஏறச் சொன்னார். இறங்கவில்லை. குழாய் வேண்டாம் என்றார். அம்மா அங்கேயே அவரிடம் அந்த ஹார்மோனைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டாள். மருத்துவருக்கு அது தெரியும். இருந்தாலும் கடைசிவரை கேட்டார்.

துர்கா பூஜை வந்தபோது பந்தலுக்குப் போய் நிற்க முடிந்தது, தூபப் புகை என் பக்கம் வராத திசையில் தள்ளி நின்றபடி. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. அன்று மத்தியானமே பௌதி தன் வழக்கப்படி 'ஷாத்' வைத்தார். கர்ப்பிணி ஆசைப்படுவதைச் சமைத்து ஊட்டுகிற விருந்து அது. தட்டில் ஐந்து வகைப் பொரியலும் பாயசமும் வைக்கவேண்டும். என்னிடம் என்ன ஆசை என்று முறைப்படி கேட்டார். ஊறின பொரி என்றேன். வெள்ளித் தட்டில் நடுவே அதை வைத்து, சுபகாரியத்துக்கு இந்த ஊர் வழக்கப்படி சங்கு ஊதினார்கள்.

"இவ்வளவு மலிவா ஒரு ஷாத் இந்தத் தெருவுலயே நடந்ததில்லை" என்றார் பௌதி.

இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது. என் எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறது. சில காலைகளில் இன்னும் வாந்தி வருகிறது. என் ரத்தத்தில் அந்த ஹார்மோன் முன்பு எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை, இனி அளக்கவும் முடியாது. அதனால் என் கதை அந்த ஆய்வோடு பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லலாம், அதை மெய்ப்பிக்கிறது என்று சொல்ல முடியாது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த அளவை மெல்ல உயர்த்திப் பழக்கலாமா, அல்லது கர்ப்பத்தில் அதன் வேலையைத் தடுக்கலாமா என்று ஆராய்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இரண்டாவது குழந்தையைப் பற்றி நானும் என் கணவனும் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பில்டர் கீழ்வீட்டில் இருக்கிறது.